விடுப்பு முடியும்போது குழந்தைக்கு எந்தப் பால்?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீளும் தொழிற்பகுதி, 1990களின் இறுதியில் கார் ஆலையோடு தொடங்கிப் பின்னர் கைபேசியும் மின்னணுப் பொருள்களும் பூட்டும் ஆலைகளால் பெருகியபோது, அங்கு வேலைக்கு வரும் இளம்பெண்களின் எண்ணிக்கையும் உடன் பெருகியது. அவர்களுக்காக 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியொன்று 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்டது. ஆனால் அது தனியாக வந்து தங்கும் பெண்ணை எண்ணிக் கட்டப்பட்டது. அதே பெண் மணமாகிப் பிள்ளை பெற்று மீண்டும் ஷிப்ட்டுக்குத் திரும்பும்போது, தாய்ப்பால் மட்டுமே அறிந்த குழந்தை பகல் முழுவதும் எதைக் குடிக்கும் என்ற கேள்வி எழுகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் பால்பவுடர் டின்னும் புட்டியும் அதற்குக் கைக்கெட்டும் விடைகளே எனினும், அவை முதல் விடையாக இருக்க வேண்டியதில்லை.

இதில் முதலில் பார்க்க வேண்டியது விடுப்புக் கணக்கு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது, இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர்களுக்கும் இதே அளவு உண்டு. தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கும் முதல் ஆறு மாதமும் ஏறத்தாழ இதே 26 வாரம்தான். ஆகவே விடுப்பு முழுவதையும் பேற்றுக்குப் பின் எடுத்தவர் வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு இணை உணவு, அதாவது பாலோடு சேர்த்துத் தரும் கஞ்சியும் மசித்த பருப்புச் சோறும், தொடங்கும் வயது வந்துவிடுகிறது. ஆனால் சட்டம் அனுமதிக்கும் 8 வாரத்தைப் பேற்றுக்கு முன்பே எடுத்துவிட்டவர் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம் சற்றே கடந்திருக்கும். அதற்குப் பாலைத் தவிர வேறொன்றும் தர இயலாது. உடல்நலம் இடங்கொடுக்குமாயின், விடுப்பைப் பிரிக்கும்போதே இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது, பின்னால் எந்த டின்னை வாங்குவது என்று ஆராய்வதைவிடப் பயனுள்ளது.

ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் அங்கே நாளுக்கு நான்கு முறை சென்று வரலாம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரு இடைவேளைகள் உண்டு என்றும் சட்டம் கூறுகிறது. ஆனால் இப்பகுதியின் தொழிலாளர் பலர் வாலாஜாபாத்திலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் கம்பெனிப் பேருந்தில் வருபவர்கள். எட்டு மணி நேர ஷிப்ட்டோடு பயணத்தைக் கூட்டினால் தாய் வீட்டில் இல்லாத நேரம் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். விடியலுக்கு முன் புறப்படும் அப்பேருந்தில் கைக்குழந்தையையும் கொண்டுவர வழியில்லாதபோது, காப்பகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாலூட்டும் இடைவேளை ஏட்டளவில்தான் நிற்கும். அந்த இடைவேளையைப் பால் எடுத்து வைப்பதற்கேனும் பயன்படுத்த, கதவு தாழிடக்கூடிய ஓர் அறையும் குளிர்பெட்டியும் போதும். ஆலைகளுக்கு இது பெருஞ்செலவன்று.

பால் எடுப்பது குழந்தைக்காக மட்டுமன்று. மார்பில் தேங்கும் பால் மேற்கொண்டு சுரப்பதைத் தானே தடுக்கும் இயல்புடையது. ஆதலால் பகல் முழுவதும் வெளியேற்றாமல் விட்டால் முதல் சில நாள் பால் கட்டி வலியும் காய்ச்சலும் வரக்கூடும், பின்னர் சுரப்பே குறைந்துவிடும். பார்முலா பாலுக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்றாலும் ஒரே நாளில் மாறாமல், சில நாளுக்கு ஒருமுறை ஒரு வேளைப் பாலை மட்டும் மாற்றிச் செல்வதே உடலுக்கு ஏற்றது. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் இரவில் மிகுவதால், இரவிலும் விடுமுறை நாளிலும் நேரடியாகப் பாலூட்டுபவருக்குப் பகலில் ஏற்படும் குறை ஓரளவு ஈடாகிறது.

எடுத்த பாலை 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பது பொதுவான வரையறை. சித்திரை வெயிலில் தகரக்கூரை வீட்டில் அந்த அளவை நம்பக் கூடாது. உறைந்த ஐஸ் பொதிகள் அடுக்கிய பெட்டியில் ஒரு நாளும், குளிர்பெட்டியில் நான்கு நாளும் தாங்கும். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சாமல், வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை நிறுத்திச் சூடாக்கினால் போதும்.

எதில் கொடுப்பது என்பதில் தமிழ் வீடுகளுக்குப் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. மூக்கு நீண்ட சிறு கிண்ணமாகிய பாலாடை, சங்கு என்றும் சொல்லப்படுவது, இன்றும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் செவிலியர் கையாளும் கருவிதான். கழுவ எளிது, இடுக்கு இல்லாததால் அழுக்கு தங்காது. நிப்பிளின் துளையிலும் புட்டியின் கழுத்திலும் படியும் பால்தான் வயிற்றுப்போக்குக்கு வழிவைக்கிறது. ஆறு மாதம் கடந்த குழந்தை சிறு டம்ளரிலேயே குடிக்கப் பழகுமாதலால், அந்த வயதில் புட்டியை அறிமுகப்படுத்தி ஓராண்டு கழித்து அதை மறக்கடிக்கப் போராடுவது வீண்வேலை. புட்டிதான் வேண்டுமெனில், பால் மெதுவாக வரும் நிப்பிளைத் தேர்ந்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, புட்டியைப் படுக்கை நிலையில் வைத்து, இடையிடையே நிறுத்திக் கொடுக்க வேண்டும். வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே, குழந்தை பசியில் வீறிடுவதற்கு முன், பாட்டியோ தந்தையோ கொடுத்துப் பழக்குவது நலம்; தாயின் மணம் அருகில் இருக்கும்போது பல குழந்தைகள் வேறெதையும் ஏற்பதில்லை.

பார்முலா பால் என்பது பசும்பாலைக் குழந்தையின் செரிமானத்துக்கேற்ப மாற்றி, இரும்பும் வைட்டமின்களும் சேர்த்த பொடி. தேநீருக்குக் கலக்கும் சாதாரணப் பால்பவுடர் அதற்கு ஈடாகாது, பசும்பாலும் ஓராண்டுக்கு முன் முதன்மை உணவாகக் கூடாது. டின்னில் அடைத்த பொடி கிருமியற்றதன்று என்பது பலர் அறியாதது. குரோனோபாக்டர் என்னும் நுண்ணுயிர் அதில் இருக்கக்கூடுமாதலால், கொதித்து அரைமணிக்குள் உள்ள, 70 பாகைக்குக் குறையாத நீரிலேயே கலந்து, பிறகு ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் நெறிமுறை வகுத்தது. ஒரகடத்தைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளில் பயன்படும் கேன் தண்ணீருக்கும் இவ்விதி பொருந்தும். சுத்திகரித்தது என்பதால் அது கொதிக்க வைக்கத் தேவையில்லாததாகிவிடாது. அளவு டின்னிலேயே அச்சிடப்பட்டிருக்கும். விலையை எண்ணிப் பொடியைக் குறைத்து நீர்க்கக் கரைப்பது குழந்தையை அறியாமலே பட்டினி போடுவதாகும், கெட்டியாகக் கரைப்பதும் தீங்கே.

இந்தப் பொடிக்கும் புட்டிக்கும் இந்தியாவில் விளம்பரம் செய்ய இயலாது. 1992இல் இயற்றப்பட்டு 2003இல் இறுக்கப்பட்ட சட்டம் அதைத் தடுப்பதோடு, டின்னின் மேல் குழந்தைப் படமும் கூடாது என்கிறது. ஆகவே எதை வாங்குவது என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல், குழந்தை மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்க வேண்டும். முதல்முறை கொடுத்தபின் உடம்பில் தடிப்போ, ஓயாத வாந்தியோ, மலத்தில் இரத்தமோ கண்டால் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும்.

மாற்றம் நன்றாக நடக்கிறதா என்பதைக் குழந்தை அழும் அளவைக் கொண்டு கணிக்க இயலாது. நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்பவையே நம்பத்தக்க அளவுகோல்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்குச் செல்லும்போது கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையை நிறுத்து அட்டையில் குறிப்பார். ஆறாம் மாதம் திரும்பிய தாய்க்கு அதற்குள் மூன்று மாத ஷிப்ட் முடிந்திருக்கும்.