ஐந்து கம்பியும் ஒரு பெரட்டும்

பேராக் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, தென்னந்தோப்புகளும் செம்பனைக் காடுகளும் சூழ அமைந்திருக்கிற பாகான் டத்தோவில், உலோகத்தினால் ஆன எந்த வஸ்துவுக்கும் ஆயுள் சற்றுக் குறைவுதான். சைக்கிள் சங்கிலி முதல் ஜன்னல் கம்பி வரையில் ஒவ்வொன்றையும் உப்புக் காற்று நிதானமாகத் தின்றுகொண்டே இருக்கும். ஆகையால், சென்ற பள்ளி விடுமுறையில் அண்ணன் வீட்டு அலமாரியின் அடித்தட்டிலிருந்து, இருபத்தைந்து வருஷங்களாக யார் கையும் படாத ஒரு ஜோடி ஜாய்ஸ்டிக்குகள், பழுப்பேறிய பிளாஸ்டிக்கும் சுருண்டு கிடந்த கம்பியுமாக வெளியே வந்தபோது, அவற்றில் உயிர் மிஞ்சியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அண்ணன் மகன் நம்பினான். “சித்தப்பா, இதைக் கம்ப்யூட்டரில மாட்டி விளையாட முடியுமா?” என்று கேட்டான்.

அந்த ஜாய்ஸ்டிக்கின் பூர்வோத்தரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலை 15ஆம் தேதி ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற விளையாட்டு யந்திரத்தை வெளியிட்டது. அதைப் பார்த்துத் தைவானில் செய்யப்பட்ட பிரதிகளில் ஒன்று ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்ற பெயரோடு நம் நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது. மூலத்தின் பெயரைக் கேள்விப்படாமலேயே பிரதியோடு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அட்டை சொல்லும். போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களே வேறு வேறு வேஷத்தில் திரும்பத் திரும்ப வரும். ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் தோட்ட லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடி, ஓர் உயிர் போனால் ஜாய்ஸ்டிக் அடுத்தவன் கைக்கு மாற வேண்டும் என்ற சட்டத்தின்கீழ் ஆடிய ஆட்டங்கள் அவை.

இப்போது அந்த யந்திரம் இல்லை. ஆனால் அதன் ஆட்டங்கள் இருக்கின்றன. எமுலேட்டர் என்று சொல்லப்படுகிற மென்பொருள் செய்வது, நம் சித்தர் கதைகளில் வருகிற கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தைதான். பழைய யந்திரத்தின் மூளையாகிய 6502 வம்சத்துச் சில்லு, விநாடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகளோடு என்னென்ன செய்ததோ, அதை அடிக்கு அடி அபிநயித்துக் காட்டி, இன்றைய கணினியின் உடலுக்குள் அந்த ஆட்டத்தை வாழவைக்கிறது. 1997இல் வந்த ‘நெஸ்டிகிள்’ என்ற எமுலேட்டர்தான் நான் முதன்முதலாகப் பார்த்தது. ஆத்மா புதுக்கூட்டில் புகுந்துவிட்டது. கைகள் மாத்திரம் பழைய கூட்டிலேயே தங்கிவிட்டன. விசைப்பலகையில் அம்புக்குறிகளைத் தட்டி மாரியோவைக் குதிக்கவைப்பது, கரண்டியால் ரசஞ்சாதம் சாப்பிடுவது போலத்தான். பசி அடங்கும், திருப்தி இராது.

அந்த அதிருப்தியில் நான் செய்த ஒரு மூடத்தனத்தையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஜாய்ஸ்டிக்கின் நுனியில் இருந்தது ஒன்பது துளைகள் கொண்ட பெண் முனை. அக்காலத்துக் கணினியின் முதுகில் இருந்ததோ ஒன்பது ஊசிகள் கொண்ட ஆண் முனை. பத்துப் பொருத்தமும் அமைந்துவிட்டதென்று எண்ணி இரண்டையும் கோத்துவிட்டேன். அது ஆர்எஸ்-232 என்ற தொடர்முறைத் தகவல் வாசல் என்பதும், அதன் ஊசிகளில் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் 15 வோல்ட் வரையில் மின்னழுத்தம் நிற்கலாம் என்பதும், 5 வோல்ட்டில் பிழைக்கும் ஜாய்ஸ்டிக் அதைத் தாங்காது என்பதும் பிற்பாடு தெரிந்த விஷயங்கள். ஜோடியில் ஒன்று அன்றைக்கே ஊமையாயிற்று.

ஊமையாகாத மற்றொன்றைத் திறந்து பார்ப்போம். எட்டுப் பொத்தான்கள் உள்ளன. ஆனால் வெளியே செல்லும் கம்பிகள் ஐந்துதான். எட்டுப் பேர் சொல்ல வேண்டிய சேதியை ஐந்து கம்பிகள், அவற்றிலும் மின்சாரத்துக்கு இரண்டு போக மீதி மூன்று கம்பிகள், எப்படிக் கொண்டுபோகின்றன என்பதுதான் இந்தச் சாதனத்தின் சூட்சுமம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதை விளக்குவது வெகு சுலபம். விடியற்காலைப் பெரட்டை நினைத்துக்கொண்டால் போதும்.

பெரட்டு மணி அடித்ததும் எல்லோரும் அவரவர் நின்ற இடத்தில் அப்படியே நிற்பார்கள். கிராணி என்கிற கணக்கர், செக்ரோல் என்ற பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் குரல் கொடுப்பார். நிண்டெண்டோவின் ஜாய்ஸ்டிக்கினுள் இருக்கும் 4021 என்ற எண் கொண்ட சில்லு அந்தப் பெரட்டுக் களமேதான். மூன்று கம்பிகளில் முதலாவது மணி. அதில் ஒரு துடிப்பு வந்தவுடன் எட்டுப் பொத்தான்களின் அப்போதைய நிலை சில்லினுள் பதிந்து உறைந்துவிடும். இரண்டாவது கம்பி பெயர் கூப்பிடுவது. ஒவ்வொரு துடிப்புக்கும் வரிசையில் அடுத்தவர் முன்னே வருவார். மூன்றாவது கம்பி பதில். கூப்பிடும் வரிசையும் நிரந்தரமானது: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அழுத்தப்படாத பொத்தான்தான் பதில் கம்பியில் மின்னழுத்தத்தை உயர்த்திக் குரல் கொடுக்கும். அழுத்தப்பட்ட பொத்தான் மௌனமாக இருக்கும். வராதவன் கூச்சலிட்டு வந்தவன் வாய்மூடி நிற்கும் பெரட்டை எந்தக் கிராணியும் கண்டிருக்க மாட்டார்!

1990 நவம்பரில் வந்த, நிண்டெண்டோவின் அடுத்த யந்திரமாகிய சூப்பர் ஃபேமிகாம் இதே முறையைப் பதினாறு இடங்களாக நீட்டி, அவற்றில் பன்னிரண்டில் பொத்தான்களை வைத்தது. அந்தப் பெரட்டு முழுவதும் நடந்து முடிய ஏறக்குறைய 200 மைக்ரோ விநாடி போதும். அதாவது ஒரு விநாடியை ஐயாயிரம் கூறாக்கினால் அவற்றில் ஒரு கூறு.

கணினியோடு சேர்க்க வேண்டுமானால், இந்தப் பெரட்டை நடத்தத் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும். யுஎஸ்பி வருவதற்கு முன்னால், அச்சு யந்திரத்துக்கென்று கணினியில் இருந்த இருபத்தைந்து முனை வாசலிலேயே நேராகக் கம்பிகளைப் பற்றவைத்து, அந்த வாசலின் தகவல் முனைகளிலிருந்தே சில டையோடுகள் வழியாக ஜாய்ஸ்டிக்குக்கு வேண்டிய சொற்ப மின்சாரத்தையும் திருடிக்கொண்டு, கணினியையே கிராணியாக்கினார்கள். லினக்ஸில் ‘கேம்கான்’ என்ற பெயரில் அதற்கான நிரல் இருந்தது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் இன்றைய மடிக்கணினியில் அந்த வாசலும் இல்லை. நான் அன்று வாழ்க்கைப்படுத்திப் பார்த்த ஒன்பது முனை வாசலும் இல்லை.

இப்போதுள்ளது யுஎஸ்பி. இது கல்யாண மண்டபத்து வாசற்படி போன்றது. உள்ளே வருகிறவர் தாம் யார், எந்த வீட்டைச் சேர்ந்தவர் என்று முதலிலேயே அறிவித்தாக வேண்டும். ‘நான் ஒரு விளையாட்டுக் கருவி, எனக்குத் திசை இரண்டு அச்சு, பொத்தான் நான்கு’ என்று குறிப்பிட்ட ஒரு சங்கேத வடிவத்தில் விண்ணப்பித்துக்கொண்ட பிறகே கணினி அதனோடு பேசும். பழைய ஜாய்ஸ்டிக்குக்கு இந்த பாஷை தெரியாது. ஆகவே ஒரு துபாஷி வேண்டும். சில வெள்ளிக்குக் கிடைக்கிற மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்று அந்த உத்தியோகத்தைப் பார்க்கும். அர்டுயினோ வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘ஊனோ’ என்ற சாமான்யப் பலகையின் பழைய ரகங்களில் பிரதானச் சில்லு யுஎஸ்பியோடு நேராகப் பேசாது, 32யு4 என்ற சில்லைத் தாங்கிய ‘லியோனார்டோ’ பேசும். 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவும் பேசும். ஆனால் அதன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கமாட்டா. நல்லவேளையாக 4021 சில்லு 3 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட் வரையில் எதிலும் வேலை செய்யும் சுபாவம் உடையது. ஆதலால் ஜாய்ஸ்டிக்கையே 3.3 வோல்ட்டுக்கு இறக்கிவிட்டால் சண்டை இல்லை.

துபாஷி ஒரு பக்கம் மணி அடித்துப் பெயர் கூப்பிட்டு எட்டுப் பதில்களை வாங்கிக்கொள்கிறது. மறுபக்கம் என்ன நடக்கிறது? யுஎஸ்பியில் எந்தக் கருவியும் தானாக வாய் திறக்க அநுமதி கிடையாது. கணினி கேட்டால்தான் சொல்லலாம். முழு வேகக் கருவியானால் 1 மில்லி விநாடிக்கு ஒரு தடவைகூடக் கேட்கும். ஆக, அங்கேயும் நடப்பது பெரட்டேதான். நடுவிலிருக்கும் பலகை, துரைக்கும் ஆளுக்கும் இடையே நின்ற கங்காணியின் ஸ்தானத்தில் இருக்கிறது.

“இத்தனை கை மாறினால் தாமதம் ஆகாதா?” என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. விநாடிக்கு 60 படம் காட்டுகிற ஆட்டத்தில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. துபாஷி எடுத்துக்கொள்வது அதில் ஒரு சிறு பகுதிதான். குற்றவாளி பெரும்பாலும் தட்டைத் திரைத் தொலைக்காட்சியே. படத்தை மெருகேற்றிக் காட்டுகிறேன் என்று அது தன்னுள் வைத்துக்கொண்டு தாமதிக்கிறது. அந்தத் தொலைக்காட்சியில் ‘கேம்’ என்ற அமைப்பு இருந்தால் அதைத் தட்டிவிடுவது, ஆயிரம் வெள்ளி கொடுத்துப் புதுக் கருவி வாங்குவதைவிட மேலானது.

முதல் ஜாய்ஸ்டிக் ஒரே மாலையில் பேசிவிட்டது. மாரியோ ஓடினான், எனக்கு மட்டும் ஏதோ பிசகாகப் பட்டது. பாட்டு அவசர அவசரமாக ஓடுவது போலிருந்தது. வயதின் கோளாறு என்று முதலில் எண்ணினேன். காரணம் வேறு. ஜப்பானியத் தொலைக்காட்சி விநாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பித்தது. நம்முடையது ‘பால்’ என்ற ஒளிபரப்பு முறை, 50 தடவை. பால் நாடுகளுக்கென்று செய்த தைவான் பிரதிகள், ஜப்பானியக் கேசட்டுகள் அப்படியே ஓட வேண்டுமென்பதற்காகச் சில்லின் கடிகாரத்தை அதிகம் மாற்றாமல், படத்தின் அடியில் சும்மா இருக்கும் நேரத்தை மட்டும் நீட்டிவைத்தன. விளைவாகச் சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்க, தாளம் மாத்திரம் ஆறில் ஒரு பங்கு தளர்ந்துவிட்டது. 60 விநாடியில் முடிய வேண்டிய சங்கீதம் 72 விநாடி ஓடியது. மைக்ரோ ஜீனியஸின் உடன்பிறப்பாகிய ஒரு யந்திரம் 1992 முதல் ருஷ்யாவில் ‘டென்டி’ என்ற பெயரில் விற்றது. ஆகவே பல எமுலேட்டர்களில் ‘டென்டி’ என்றே ஓர் அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் லயத்துப் பாட்டு திரும்ப வந்தது. மூலம் இதைவிட வேகமானது என்பதை அறிவேன். ஆனாலும் எனக்கு இதுதான் மூலம்.

இனி, நான் ஊமையாக்கிய இரண்டாவது. பிரதிகளில் 4021 என்று எழுதிய கறுப்புச் சில்லு பெரும்பாலும் இராது, பலகையின்மேல் தார்ச் சொட்டுப் போல ஒரு பிசின் கட்டி இருக்கும், அதனடியில்தான் சில்லு. அது செத்தால் மாற்றுவதற்கு வழியில்லை. ஆனால் பொத்தான்கள் சாகவில்லை. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு செப்புத் தடங்களைச் சேர்க்கும் வெறும் சுவிட்ச்தான். பிசின் கட்டிக்குச் செல்லும் தடங்களைக் கத்தியால் அறுத்துவிட்டு, எட்டுத் தடங்களிலிருந்தும் எட்டுக் கம்பிகளை எடுத்து மைக்ரோகண்ட்ரோலரின் எட்டு முனைகளில் நேராகச் சேர்த்தேன். 1977இல் வந்த அடாரி 2600இன் ஜாய்ஸ்டிக் இந்த ரகம்தான்; அதில் பெரட்டே கிடையாது, ஒவ்வொருவருக்கும் தனி வாசல்.

ஜாய்ஸ்டிக்கின் உள்பலகை முழுவதையும் எடுத்து எறிந்துவிட்டு, வயரில்லாப் புதுப்பலகையை வைத்து மூடும் தயார்ச் சாமான்களும் கடையில் கிடைக்கின்றன. சௌகரியம்தான். ஆனால் நன்றாக இருக்கும் சில்லை அகற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. கேட்டால் பதில் சொல்லக் காத்திருக்கிறவனிடம் கேட்காமலே இருப்பது மரியாதையா?

கழற்றிய இடத்தில் எனக்கு உண்மையாகவே ஆச்சரியம் தந்தது ரப்பர். பொத்தான்களுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற விரிப்பு அத்தனை வருஷங்களுக்குப் பிறகும் துவண்டு நிமிர்ந்தது. செப்பு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, திருகாணி துருப்பிடித்திருந்தது, ரப்பருக்கு மட்டும் ஒன்றுமில்லை. 1877இல் வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்று வளர்ந்த மரம் இன்னும் நிற்கிற கோலகங்சார் இருப்பது இதே பேராக் மாநிலத்தில்தான். பால் வெட்டிய வம்சத்தில் வந்தவனுக்கு ரப்பர் எத்தனை சீக்கிரம் விரிந்து வெடிக்கும் என்பது தெரியும். மரத்து ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அந்த இடங்களில்தான் கடிக்கும். ஜாய்ஸ்டிக்கில் இருப்பது சிலிகோன் ரப்பர். சிலிக்கனும் ஆக்ஸிஜனும் மாறி மாறி நிற்கும் அதன் முதுகெலும்பில் அப்படிக் கடிப்பதற்கு இடமில்லை. அடியில் ஒட்டியுள்ள கறுப்பு வட்டம் கரி கலந்த ரப்பர். கரியின் வழியே மின்சாரம் கடக்கும்.

பழைய ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அந்தக் கறுப்பு வட்டங்களை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சினால் ஒற்றி எடுத்தால் போதும். பிரதிகளில் கம்பியின் நிறத்துக்கு ஒரு தர்மமும் கிடையாது. சிவப்பு மின்சாரமாகவும் இருக்கும், மணியாகவும் இருக்கும். மல்டிமீட்டரை வைத்துத் தடம் பார்த்த பிறகே எதையும் பற்றவையுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டும் இப்போது வேலை செய்கின்றன. இரண்டாவதில் ‘செலக்ட்’ பொத்தான் மட்டும், அதன் தடத்தை உப்புக் காற்று அரித்துவிட்டபடியால், எத்தனை அழுத்தினாலும் வராதவனைப் போலவே குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது.