மகளுக்காக ஒரு ஜன்னல்

இங்கிலாந்தில், கென்ட் பகுதியிலுள்ள டியூட்லி கிராமத்து சர்ச்சுக்கு, உலகில் வேறெந்த சர்ச்சுக்கும் இல்லாத பெருமை உண்டு. அதன் 12 ஜன்னல்களிலும் ஓவியர் மார்க் ஷகாலின் வண்ணக் கண்ணாடிகள்தான்!

1963-ல் சாரா என்ற 21 வயசுப் பெண், படகு விபத்தில் கடலில் மூழ்கி இறந்துபோனாள். ஷகாலின் கண்ணாடி ஓவியங்களை பாரிஸில் அம்மாவோடு பார்த்து ரசித்தவளாம் அவள். அதனால், மகள் நினைவாக ஒரு ஜன்னல் செய்து தரும்படி பெற்றோர் அவரிடமே கேட்டார்கள். நீல அலைகளுக்குள் அந்தப் பெண், மேலே ஏற ஓர் ஏணி, உச்சியில் சிலுவையில் இயேசு... நினைத்தாலே மனசை என்னமோ செய்கிறது.

1967-ல் அதைப் பார்க்க நேரில் வந்த ஷகால், மற்ற ஜன்னல்களையும் தானே செய்வதாகச் சொன்னாராம். கடைசிக் கண்ணாடிகள் பொருத்தப்பட்டது 1985-ல். 97 வயசில் அவர் காலமானதும் அதே வருஷம்தான்.

பெற்ற வயிற்றின் துக்கம் ஆறுமா? ஆனாலும் அதை ஊருக்கே வெளிச்சமாக்கிவிட்டாரே அந்தத் தாய்!