ஐந்து வயதுக் கை

நம் மணிக்கட்டுக்குள் எட்டுச் சின்னஞ்சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அங்கே இருப்பதெல்லாம் குருத்தெலும்புதான். சில மாதங்களில் இரண்டு எலும்புகள் தலைகாட்டும். மற்றவை அவசரமே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக இறுகி வரும். பட்டாணி அளவுள்ள கடைசி எலும்பு தெரிய எட்டு வயதுக்கு மேல் ஆகும், பன்னிரண்டுகூட ஆகலாம். பெண் பிள்ளைகளுக்கு எல்லாமே கொஞ்சம் முந்தி வரும். இந்த வரிசையைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. திண்டிவனத்தில் பிறந்தாலும் டோக்கியோவில் பிறந்தாலும் படைத்தவன் வகுத்த முறை ஒன்றுதான்.

அந்தக் கையில்தான், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஐந்து வயதில், பென்சிலைக் கொடுத்து ‘அ’வைச் சுழித்து எழுதச் சொல்கிறோம். கோட்டைத் தாண்டினால் அதட்டவும் செய்கிறோம். பக்கத்தில் இருக்கும் சிறுமி அழகாக எழுதுகிறாளே, உனக்கு என்ன கேடு என்று பையனைக் கேட்கிறோம். அவன் எலும்பு இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அதுவரைக்கும் களிமண்ணை உருட்டட்டும், மணலில் விரலால் கிறுக்கட்டும், பல்லாங்குழியில் சோழி போடட்டும். எழுதப் போகும் விரல்களுக்கு அதுவும் பாடமே.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். 150 வினாக்களில் 30 வினாக்கள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. ‘சைக்காலஜியில முப்பது’ என்று சுருக்கமாகப் பேசிக்கொள்கிறார்கள். வளர்ச்சி தலையிலிருந்து கால் நோக்கிப் போகும், உடலின் நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் போகும் என்ற இரண்டு வரிகளை அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தால், கைடைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் தலை நிற்கும். பிறகு குப்புறக் கவிழும், உட்காரும், தவழும், சுவரைப் பிடித்து எழும். கையைப் பாருங்கள்: முதலில் தோளோடு சேர்த்து வீசும், அப்புறம் உள்ளங்கையால் அள்ளும், ஒன்பது பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கூடி, தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியை எடுக்கும். அந்த இரண்டு வரிகளும் உங்கள் கண்முன்னே நடக்கின்றன.

நம் புலவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னன் குலோத்துங்கன்மேல், அவனைக் குழந்தையாகவே வைத்து, பிள்ளைத்தமிழ் பாடினார். தலையைத் தூக்கி ஆடும் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்தை ஒட்டி, கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தை ஒட்டி, நடந்து வரும் வாரானை ஓராண்டு நிறையும்போது என்று அந்தப் பாட்டு மரபு வகுத்தது. இன்று குழந்தை மருத்துவர் தாயிடம் கேட்கும் கேள்விகளும் கிட்டத்தட்ட இவைதாம். குழந்தையைத் தெய்வமாக வைத்துப் பார்த்த கண்ணுக்கு இந்த நுணுக்கம் தப்பவில்லை என்றே நான் நம்புகிறேன்.

உடலைவிட மனம் எனக்குப் பெரிய வியப்பு. சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே வகுத்த சோதனை ஒன்றை நம் ஊர்ப் புளியங்கொட்டைகளை வைத்தே செய்துபார்க்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் முன் இரண்டு வரிசையில் ஆறாறு கொட்டைகளை நேருக்கு நேர் அடுக்குங்கள். இரண்டும் சமம் என்று ஒத்துக்கொள்ளும். இப்போது அதன் கண்முன்னாலேயே ஒரு வரிசையை மட்டும் இடம்விட்டுப் பரப்புங்கள். எதில் அதிகம் என்று கேட்டால், நீண்ட வரிசையைத்தான் பெரும்பாலும் காட்டும். எண்ணச் சொன்னால் இரண்டையும் ஆறு என்று எண்ணிவிட்டு, மறுபடியும் நீண்டதில்தான் அதிகம் என்று சாதிக்கிற பிள்ளைகளும் உண்டு. அது மக்குத்தனம் இல்லை. கண்ணுக்குத் தெரிவதை மனம் இன்னும் மீறவில்லை, அவ்வளவுதான். ஆறேழு வயதில் அதே பிள்ளை, “எல்லாம் அதேதான் டீச்சர், நீங்கதான் தள்ளித் தள்ளி வெச்சிருக்கீங்க” என்று சொல்லும். எதை இத்தனை நாள் கண் மறைத்ததோ அது ஒருநாள் புலப்பட்டுவிடுகிறது. அதட்டி அதை முன்கூட்டி வரவழைக்க யாராலும் முடியாது. பொருள்களைக் கையில் கொடுத்து, கலைக்கவும் அடுக்கவும் விட்டால் அது தன் வேளையில் வருகிறது. கொட்டையைத் தொட்டு எண்ணாத பிள்ளையிடம் கரும்பலகையில் கூட்டல் கணக்கு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் ஆசிரியர் சும்மா காத்திருக்க வேண்டியதுதானா? இல்லை என்றார் வைகாட்ஸ்கி. பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, 37 வயதிலேயே காசநோயால் மறைந்த ரஷ்ய அறிஞர் அவர். பிள்ளை இன்று தனியாகச் செய்வது ஓர் எல்லை. தெரிந்தவர் துணையோடு செய்வது அதற்கு ஓரடி தள்ளிய எல்லை. கற்பித்தல் நடக்கவேண்டியது இரண்டுக்கும் நடுவே என்பது அவர் கண்டது. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27ஆம் தேதி, மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். அதே பகுதியில் வாழும் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு விடையைச் சொல்லிவிடாமல், முதல் விரலை மட்டும் மடக்கிக்காட்டி மீதியை அதனிடமே விட்ட அக்கா எவரும் வைகாட்ஸ்கி சொன்னதைச் செய்தவர்தான்.

நீங்கள் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடம் போகும் முதல் வாரத்திலேயே, பாடக்குறிப்பு எழுதுவதற்கு முன்னால், எந்தப் பிள்ளை எதைத் தானாகச் செய்கிறது, எந்த இடத்தில் உங்கள் துணையைத் தேடுகிறது என்று தனி நோட்டு ஒன்றில் பெயர் பெயராகக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் இருந்தால் முப்பது விதமாக இருக்கும். பாடக்குறிப்பை அந்த நோட்டைப் பார்த்து எழுதுங்கள்.