சின்னச் சிறகுகள் – 17: எந்த இரவு?

சூரியன் மறைந்தால் இரவு என்பதுதான் நம் கணக்கு. அமெரிக்காவில் குட்டி விமானம் ஓட்டுகிற ஒருவரிடம் இரவுச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால், "எந்த இரவு?" என்று திருப்பிக் கேட்பார். அங்கே ஒரே மாலைக்கு மூன்று இரவுகள்.

சூரியன் மறைந்ததுமே விளக்கைப் போட்டாக வேண்டும். இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை. தூரத்தில் தெரியும் நிறத்தை வைத்தே அந்த விமானம் வருகிறதா போகிறதா என்று சொல்லிவிடலாம். இது முதல் இரவு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கி, மசங்கலும் தீர்ந்தால் இரண்டாவது. விமானி தன் குறிப்பேட்டில் இரவுப் பறப்பு என்று எழுதிக்கொள்வது அதன் பிறகுதான். மறைந்து ஒரு மணி நேரம் போனால் மூன்றாவது. அந்த இருட்டில் பக்கத்தில் ஆள் ஏற்ற வேண்டுமானால், கடந்த 90 நாளில் அதே நேரத்தில் 3 முறை கிளம்பி 3 முறை இறங்கியிருக்க வேண்டும். சக்கரம் பட்டதும் மறுபடி எழும்பிவிடுகிற வித்தை செல்லாது. ஒவ்வொரு முறையும் ஓடுபாதையில் முழுக்க நிற்க வேண்டும்.

குமாஸ்தாத்தனம் என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. ஆனால் விளக்கு பிறர் கண்ணுக்காக, பழக்கம் நம் கண்ணுக்காக. கண் இருட்டுக்குப் பழகவே ஏறக்குறைய அரை மணி ஆகிறது. இரண்டுக்கும் ஒரே கடிகாரம் வைத்தால் சரிப்படாது.

போன வாரம் பார்த்த அல்ட்ராலைட்டுக்கு இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. 254 பவுண்டுக்கும் குறைந்த, ஒற்றை ஆள் ஊர்தி அது. 1982-இல் வந்த விதி அதைப் பகலோடு கட்டிப்போட்டது. 3 மைல் தூரத்துக்குத் தெரியும் எச்சரிக்கை விளக்கு இருந்தால் விடியலுக்கு முன் அரை மணி, அந்திக்குப் பின் அரை மணி சலுகை உண்டு. அதுவும் கட்டுப்பாட்டு வான்வெளிக்கு வெளியேதான்.

2004-இல் வந்த 'ஸ்போர்ட் பைலட்' உரிமத்துக்கும் நெடுநாள் இரவு கிடையாது. கார் லைசென்ஸே மருத்துவச் சான்றுக்குப் போதும் என்பது அதன் பெரிய கவர்ச்சி. 2025 அக்டோபர் 22 முதல் இரவுக்கான கதவு திறந்திருக்கிறது: ஆசிரியருடன் 3 மணி நேர இரவுப் பயிற்சி, 10 முறை இறக்கம், குறைந்தது 25 கடல் மைல் தள்ளியுள்ள நிலையத்துக்கு ஒரு பயணம், பிறகு ஆசிரியரின் கையெழுத்து. ஆனால் இரவுக்குக் கார் லைசென்ஸ் போதாது, டாக்டரிடம் போயே ஆக வேண்டும். எனக்குப் பிடித்த நிபந்தனை இதுதான்.

இத்தனை விதிகளும் சூரியனைத்தான் அளக்கின்றன. அடிவானம் எப்போது காணாமல் போகும் என்று எந்த விதியும் சொல்வதில்லை. 1999 ஜூலை 16 அன்று அமெரிக்க அதிபராயிருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், மனைவியையும் அவருடைய அக்காவையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குக் கிளம்பினார். மணி இரவு 8:38. அவரிடம் இருந்தது ஸ்போர்ட் உரிமமல்ல, அதற்கு மேற்பட்ட தனியார் விமானி உரிமம். இரவில் பறக்க அவருக்குத் தடை இல்லை. நிலையங்கள் அறிவித்த வானிலையும் தடுக்கவில்லை. ஆனால் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதியை அவர் பெற்றிருக்கவில்லை. கடலுக்கு மேலே புகைமூட்டம் போன்ற மங்கல். கீழே தண்ணீரும் கறுப்பு, மேலே வானும் கறுப்பு. தீவை நெருங்கும்போது விமானம் சுழன்று கடலில் விழுந்தது. மூவருமே பிழைக்கவில்லை. திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்றது விசாரணை அறிக்கை.

தடுமாற்றம் நடக்கிற இடம் காதுக்குள். அங்குள்ள திரவம் திடீர்த் திருப்பத்தை உடனே சொல்லிவிடும். மெல்லத் திரும்பினால் அதுவும் கூடவே நகர்ந்து, நேராகப் போகிறோம் என்று நம்பவைக்கும்.

பயிற்சியில் இதைக் காட்ட ஆசிரியர்கள் மாணவரைக் கண்ணை மூடச் சொல்வார்கள். சத்தம் மாறாமல், துளிகூட அசைந்தது தெரியாமல் விமானத்தைச் சாய்ப்பார்கள். "எப்படிப் போறோம்?"

"நேராத்தான் சார்."

"கண்ணைத் திற."

முன்னால் இருக்கும் கருவியில் செயற்கை அடிவானம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும்.

(தொடரும்)