எளிமையும் மெய்ம்மையும்



திருச்சபை வாழ்வில் எளிமை வேண்டும் என்பதை மறுப்பவர் இலர். ஆயினும், எளிமை என்பது யாது என வினவினால் விடைகள் பலவாகப் பிரிகின்றன. அலங்காரமற்ற சுவர்களே எளிமை என்பார் ஒருவர். காவியும் கதருமே எளிமை என்பார் மற்றொருவர். வகுப்பறையில் பல்லாண்டுகள் நின்ற பழக்கத்தால், இலக்கணத்துக்கு முன் எடுத்துக்காட்டைத் தருவதே எனக்கு இயல்பாகிவிட்டது. நான் வாழும் திருவண்ணாமலையில் ஒன்றும், 1989 வரை இவ்வூரோடு வட ஆற்காடு மாவட்டத்தில் சேர்ந்திருந்த திருப்பத்தூரில் ஒன்றுமாக இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறேன்.

முதலில் திருப்பத்தூர். 1921ஆம் ஆண்டில் சவரிராயன் யேசுதாசன் என்ற தமிழரும், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். இருவரும் மருத்துவர்கள், இருவரும் பிரமசரியம் காத்தவர்கள். கதர் உடுத்தி, தரையில் அமர்ந்து மரக்கறி உணவு உண்டு, சுற்றுப்புறக் கிராமத்து ஏழைகளுக்கு மருத்துவம் செய்தனர். அந்நாளில் வெள்ளையர் ஒருவரும் இந்தியர் ஒருவரும் ஒரே கூரையின்கீழ்ச் சமமாக வாழ்வது அரிது. இவர்களோ பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டனர். பெரியண்ணன் தமிழர், சின்னண்ணன் வெள்ளையர். இந்த முறைப்பெயர்களே ஒரு பெரும் பாடமல்லவா?

இங்கே ஒரு கேள்வி எழும். அவ்வாசிரமத்தின் ஜெபாலயம் குடிசையன்று. திராவிடச் சிற்பமுறையில், கோபுரத்தோடும் கற்றூண்களோடும் எழுந்த கட்டடம். எளிமையை நாடியவர்களுக்கு இத்தனை கல் எதற்கு? விடை இதுதான்: சுற்றிலும் வாழும் மக்கள் கோயில் என்றால் எதை அறிவார்களோ, அந்த வடிவில் அவர்கள் இறைவனை வணங்க விரும்பினர். கடல் கடந்து வந்த வடிவத்தைச் சுமந்து திரிவதைவிட, பிறந்த மண்ணின் வடிவில் வணங்குவது உள்ளத்துக்கு எளிது. ஆகவே, கல்லின் அளவு எளிமைக்கு அளவுகோல் ஆகாது.

ஆனால் வடிவத்தை மட்டும் மேற்கொண்டால் அது வேடமாகிவிடும். இது மதமாற்றத்துக்கு ஒரு தந்திரமோ என்று பிற சமயத்தாருக்கு ஐயம் எழலாம்; நம் சமயம் கரைந்துபோகுமோ என்று சபையாருக்கும் ஐயம் எழலாம். இரண்டும் நியாயமான ஐயங்களே. வாதத்தால் அவை தீரா. வாழ்க்கையால் மட்டுமே தீரும். 1932ஆம் ஆண்டு சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதர் உடையோடு நின்ற பேட்டன் மீது போலீசார் சாயநீரைப் பீய்ச்சினர். அவர் அடியும் பட்டார். இச்செய்தி பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை சென்றது. வேடமாக உடுத்தியவர் தடியைக் கண்டதும் கதரைக் களைந்திருப்பார். பேட்டனோ அதன் பின்னும் அதே உடையில் அதே ஊரில் முதுமை வரை தொண்டு செய்தார்.

இனித் திருவண்ணாமலை. பிரான்சு நாட்டுத் துறவி ஹென்றி லெ சோ 1949ஆம் ஆண்டு இரமண மகரிஷியைக் காண இங்கு வந்தார். மறு ஆண்டில், மோன்ஷனேன் என்ற பாதிரியாருடன் சேர்ந்து குளித்தலை அருகே காவிரிக்கரையில் சாந்திவனத்தை நிறுவி, அபிஷிக்தானந்தர் என்ற பெயர் பூண்டார். 1952 முதல் அருணாசல மலைக் குகைகளில் பன்முறை தங்கி மௌனம் பயின்றார். இம்மலையிடம் கேட்டறியும் மாணவராகவே வந்தார். தாம் பிறந்த சமயத்துக்கும் இங்கே கண்ட அனுபவத்துக்கும் இடையே தம் உள்ளம் பட்ட பாட்டை நாட்குறிப்பில் ஒளியாமல் எழுதினார். அவர் முடிவுகளை எல்லாரும் ஏற்க வேண்டுவதில்லை. தெளிவில்லாத இடத்தில் தெளிந்தவர்போல் நடிக்காத நேர்மையை எவரும் ஏற்கலாம்.

கோபுரமுள்ள ஆலயமும் வெறுங்குகையும் தோற்றத்தில் எதிரெதிரானவை. எனினும் இரண்டிலும் நாம் காண்பது ஒன்றே. அகத்துக்கும் புறத்துக்கும் நடுவே திரை இல்லாமையே எளிமை. மெய்ம்மை அதன் உயிர்.

இந்த அளவுகோலை நம் சபைகளிடமும் வைத்துப் பார்ப்போம். மின்விசிறியின் இறக்கை மூன்றிலும் உபயதாரர் பெயர் சுழல்கிறது. அடிக்கல்லில் பெயர் வரிசைக்காக மனத்தாங்கல் நேர்கிறது. ஒலிபெருக்கியின் ஓசை தெருவெல்லாம் கேட்கிறது. அத்தெருவில் நோயுற்றுக் கிடப்பவரின் முனகல் நமக்குக் கேட்பதில்லை. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டால் மட்டும் எளிமை வந்துவிடாது. எளிமையாக இருக்கிறோம் என்ற பெருமையும் ஓர் அலங்காரமே.

ஆதலால் ஆலயத்துக்கு ஒரு பொருள் வாங்குமுன், ஒரு விழா எடுக்குமுன், இரண்டு கேள்விகளைக் கேட்போம். யாரும் பாராவிட்டாலும் இதைச் செய்வோமா? இதனால் அண்டை வீட்டானுக்கு நன்மை உண்டா? இவ்விரண்டுக்கும் தயங்காமல் 'ஆம்' என்று சொல்ல இயலுமானால், கட்டுவது கோபுரமானாலும் குடிசையானாலும் அது எளிமையே.