புற்றுநோயின் சாயலில் ஒரு நரம்புக் கட்டி

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், இடுக்கியின் மூணாறு, வண்டிப்பெரியாறு முதலிய கேரள–தமிழக எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களிடையே வெற்றிலையோடு புகையிலையை வாயில் அடக்கும் வழக்கம் இருந்து வருவதால், நாவில் கட்டி தென்பட்டதும் புற்றுநோய் அச்சம் எழுவது இயல்பே. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று, முன்கூட்டியே சோதிப்பது உயிர் காக்கவும் செய்யும்: திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் தொடங்கி, 2005இல் முடிவு வெளியிட்ட பெரும் ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைச் சோதித்த ஊர்களில், புகையிலையோ மதுவோ பழகியவர்களின் வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆனால் புற்றின் சாயலை மட்டும் கொண்ட, பெரும்பாலும் தீங்கற்ற அரிய கட்டி ஒன்றும் நாவிலேயே மிகுதியாகத் தோன்றுகிறது. முதுகு, கை முதலிய இடங்களின் தோலிலும் மார்பகத்திலும் அது காணப்படுவதுண்டு. குறுமணி உயிரணுக் கட்டி எனப்படும் இதனை, ரஷ்ய நோயியலாளர் அப்ரிகோசோவ் 1926இல் விவரித்தபோது தசையிலிருந்து பிறந்ததாகவே கருதினார். நரம்பிழைகளைச் சுற்றி உறையாக அமையும் ஷ்வான் உயிரணுக்களின் வழிவந்தது இது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. உயிரணுவினுள் கழிவைச் செரிக்கும் நுண்பைகளை அமிலத்தன்மையோடு வைத்திருக்க உதவும் மரபணுக்கள் பழுதுபடுவதால் அப்பைகள் குறுமணிகளாகக் குவிகின்றன என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருத்துவரையும் மயங்க வைப்பது இக்கட்டியன்று, அதன் மேலுள்ள படலமே. கட்டி அடியில் வளர வளர, மேற்படலம் தடித்து விரல் விரலாகக் கீழிறங்குவதால், திசுப் பரிசோதனைக்கு மேலோட்டமாக ஒரு துணுக்கை மட்டும் கிள்ளி எடுத்தால், நுண்ணோக்கியில் அது செதிள் உயிரணுப் புற்றுநோயைப் போலவே தோன்றும். அதை நம்பிவிட்டால் தேவையற்ற பெரிய அறுவைக்கு நோயாளி ஆளாக நேரும். ஆகவே கட்டியின் ஆழம்வரை எட்டும் துணுக்கே எடுக்கப்பட வேண்டும். அதில் குறுமணி உயிரணுக்கள் தென்பட்டு, எஸ்-100 என்னும் புரதத்துக்கான சாயச் சோதனையும் நேர்மறையாக அமைந்தால் ஐயம் பெரிதும் நீங்கும்.

சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்கோ, மலையிறங்கித் தேனிக்கோ செல்பவர்கள் முதல் திசுப் பரிசோதனை அறிக்கையையும், இயன்றால் அத்திசு பதிந்த கண்ணாடித் தகட்டையும் உடன் கொண்டு செல்வது நல்லது, ஏனெனில் வேறொரு நோயியலாளர் அதே திசுவை மீண்டும் பார்க்க அது வழிசெய்யும். தீங்கற்றதென உறுதியான கட்டியைச் சுற்றிலும் சிறிது நலமான திசுவோடு முழுமையாக அகற்றினால் பெரும்பாலும் அதுவே போதுமானது. மிச்சம் விட்டால் மீண்டும் வளரக்கூடும். இவ்வகைக் கட்டிகளில் நூற்றில் ஓரிரண்டு உண்மையிலேயே புற்றாக இருப்பதால், விரைந்து பெருப்பதையோ மீண்டும் தலைகாட்டுவதையோ மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.