நம் வீட்டுக் கணினி – 17: முதலில் கேம், பிறகு லினக்ஸ்

"எந்த லினக்ஸ் நல்லது மாமா?" என்று கேட்டான் ஆந்திர எல்லையிலுள்ள தடாவில் இருக்கும் என் அக்கா மகன். அவனிடம் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் சிஸ்டம். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்களில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. அதற்காக நல்ல கணினியைக் காயலான் கடைக்குப் போடுவது அநியாயம்.

நான் பதில் சொல்லவில்லை. "என்னென்ன கேம் ஆடுறே?" என்று திருப்பிக் கேட்டேன். ஜிடிஏ 5, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரன்ட். டிஸ்ட்ரோவை, அதாவது எந்த வகை லினக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வேலை இந்தப் பட்டியலில்தான் தொடங்குகிறது. யூடியூபில் வரும் 'டாப் 10' வரிசைகள் உங்கள் கேமையும் பார்ப்பதில்லை, உங்கள் கார்டையும் பார்ப்பதில்லை.

லினக்ஸில் கேம் ஆட முடியாது என்ற பேச்சு பழசாகிவிட்டது. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டானை வெளியிட்டது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993 முதல் வளர்ந்துவரும் வைன், டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றித்தரும் டிஎக்ஸ்விகே இரண்டும் சேர்ந்ததே அது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியே ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் கதையாக்கி, 2024-இல் பாஃப்டா விருதும் வாங்கிய 'வெண்பா'வை லினக்ஸிலேயே ஆடலாம். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று யோசிக்கவைக்கும் அந்த கேமை நம் பிள்ளைகள் ஒருமுறையாவது ஆட வேண்டும்.

சிக்கல் ஆன்டி-சீட்டில் இருக்கிறது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் இந்த மென்பொருளை லினக்ஸுக்கும் திறந்துவிடுவதா என்பது கேம் நிறுவனத்தின் முடிவு. வேலரன்டின் வேன்கார்டு விண்டோஸின் கெர்னலுக்குள் உட்காரும். லினக்ஸில் அது இல்லை, எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் ஓடாது. ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட் சேர்க்கப்பட்டபோது லினக்ஸ்காரர்கள் வெளியே நின்றார்கள். கதைப் பகுதி மட்டும் ஓடுகிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. வேலரன்ட் இல்லாமல் இருக்க முடியாது என்றால் லினக்ஸுக்கு மாற வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அடுத்தது கார்டு. 1050 டிஐ, பாஸ்கல் என்ற 2016-ஆம் ஆண்டுத் தலைமுறை. என்விடியாவின் 580 டிரைவர் வரிசைதான் அதற்குக் கடைசி. ஆர்ச் போல எப்போதும் புதியதையே தரும் டிஸ்ட்ரோக்களில் இந்தப் பழைய வரிசையை நீங்களே தேடிப்போட்டுப் பராமரிக்க வேண்டிவரும். கேம் ஆட புத்தம்புதிய டிஸ்ட்ரோதான் வேண்டும் என்பார்கள். இந்த ஆண்டு வாங்கிய கார்டு என்றால் சரி; இவன் கார்டுக்கு அது நேர்மாறு. உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதிலுள்ள டிரைவர் மேனேஜரில் உரிய டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். புதிய ஏஎம்டி கார்டு வைத்திருப்பவருக்கு ஃபெடோராவையோ, அதிலிருந்து கேமுக்கென்றே உருவாக்கப்பட்ட பசைட்டையோ சொல்வேன். ஆனால் பசைட்டின் அப்டேட்கள் கனமானவை. போன் ஹாட்ஸ்பாட்டில் தினமும் 2 ஜிபி மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கட்டி மேய்க்க முடியாது.

தேவையை முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய விஷயம் சொல்கிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று, தடாவை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தில்தான் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொடக்கத்தில் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது அது. நல்ல எண்ணம், நம் ஊர் உழைப்பு. ஆனால் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்த மாணவர்கள் கொஞ்சம்தான். படம், பாட்டு, கேம் எல்லாம் எங்கே ஓடியதோ அங்கேயே இருந்துவிட்டார்கள். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் வேரூன்றியதென்றால், பாடப்புத்தகமும் ஆசிரியர் பயிற்சியும் அதோடு சேர்ந்தே போனதுதான் காரணம். நம் பிள்ளைகளிடம் கணினியைக் கொடுத்தோம்; அதில் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை. இந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சொல்லித்தர ஆள் இல்லாமல் லினக்ஸ் நிலைக்காது. அதனால்தான் உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. தமிழில் படித்துக்கொள்ளக் 'கணியம்' இதழ் இருக்கிறது. தெலுங்குக்கு ஹைதராபாதின் ஸ்வேச்சா அமைப்பு இருக்கிறது. மின்டும் உபுண்டுவும் இவர்களில் பலருக்குக் கைவந்தவை. ராத்திரி பத்து மணிக்குத் திரை கறுத்துப்போனால் போன் எடுக்க ஆள் வேண்டும்.

தடா வீட்டில் இன்னொரு தேவையும் உண்டு. அக்கா தமிழில் அடிப்பாள், அத்தானுக்குத் தெலுங்கு வேண்டும். மின்டின் கீபோர்டு அமைப்பில் 'இந்தியா' பகுதிக்குள் தமிழ்நெட் 99-உம் தெலுங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து, மாற்றுவதற்கு ஒரு கீயைக் குறித்துவிட்டால் ஆயிற்று. தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை.

ஃபார்மட் அடிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். புரோட்டான் ஓட்டுவது அதே விண்டோஸ் கோப்புகளைத்தான். அதனால் ஸ்டீமில் வாங்கிய ஜிடிஏவை மறுபடி இறக்கி நூறு ஜிபி டேட்டாவைக் கரைக்க வேண்டாம். ஸ்டீமின் 'காமன்' கோப்புறையில் இருக்கும் கேமை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துவைத்து, லினக்ஸ் போட்டபின் அதே இடத்தில் ஒட்டி, இன்ஸ்டால் கொடுங்கள். இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்துவிட்டு, குறைவதை மட்டும் ஸ்டீம் இறக்கும். விண்டோஸின் பழைய என்டிஎஃப்எஸ் பகுதியிலிருந்தே ஓட்டலாமே என்று நினைக்காதீர்கள். புரோட்டான் 'சி:' என்று முக்காற்புள்ளியோடு ஒரு பெயரை உருவாக்கும். விண்டோஸின் கோப்பு விதியில் அந்தக் குறிக்கு இடமில்லாததால் அங்கே தகராறு வரும். லினக்ஸின் எக்ஸ்ட்4 பகுதிக்கு மாற்றிவிடுங்கள்.

அக்கா மகன் மின்டுக்குச் சம்மதித்துவிட்டான். வேலரன்டை நண்பன் வீட்டில் ஆடிக்கொள்கிறானாம். பென்டிரைவிலிருந்து நிறுவும் வேலையை அடுத்த வாரம் படிப்படியாகப் பார்ப்போம்.

(தொடரும்)